மேலே கட்டிய கயிறு

மேசை ஆடியது.

டாக்டர் வசுமதியின் கை, பிள்ளையை எடுக்கக் கீறிய அவள் வயிற்றுக்குள் இருந்தது. ஜெசிந்தா சிஸ்டரின் தட்டில் கிடந்த கத்திரிக்கோல்கள் கிணுகிணுத்தன.

நிலநடுக்கம்.

அவளுக்கு மார்புக்குக் கீழே எதுவும் தெரியாது. முதுகில் போட்ட ஊசி காலை மரக்கட்டை ஆக்கியிருந்தது. ஓட முடியாது. புரளக்கூட முடியாது. மல்லாந்து கிடப்பவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

சீலிங்தான்.

அந்த வெள்ளைச் சீலிங்குக்கு மேலே என்ன தொங்குகிறது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இந்தப் புது ஆஸ்பத்திரிக்குக் குழாய் வேலை பார்த்த இன்ஜினியர் அவள்.

ஏசி காற்று போகிற தகரக் குழாய். ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். பக்கத்திலேயே தண்ணீர் நிரம்பிய இரும்புக் குழாய்கள். எல்லாம் கம்பியில் தொங்குகிறவை. பூமி ஆடினால் அவையும் ஆடும். ஒன்றையொன்று முட்டும், மூட்டு விடும், மொத்தமாகக் கீழே வரும். அதனால்தான் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் சாய்வாக எஃகுக் கயிறு போட்டு மேல்தளத்தோடு கட்டச் சொன்னாள்.

இது போர்ட் பிளேர். பூமி ஆடுவது இங்கே யாருக்கும் புதிதில்லை. இருந்தும் சிரித்தார்கள். மேடம் மேலே துணி காயப்போடப் போகிறாராம். கொடிக்கயிறு மேடம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வைத்தது வேறு யாருமில்லை. அவள் புருஷன் பால்துரை. இந்தச் சீலிங் முழுக்க அவன் போட்டது.

சீலிங் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்கு வைக்கிற இடத்தில் எது குறுக்கே வந்தாலும் வெட்டிவிடுவார்கள். மூடிவிட்டால் யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? லீவு போடுவதற்கு முந்தின நாள், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, யார் திட்டியும் கேட்காமல், இதே அறையில் அவள் ஏணி ஏறினாள். பெரிய குழாயின் கயிறுகள் அறுபட்டுச் செத்த பாம்பாய்த் தொங்கின.

வீட்டில் பெரிய சண்டை.

அடுத்த வாரம் சாப்பிடும்போது சொன்னான்.

"திரும்பக் கட்டிட்டேன். சீலிங்கும் மூடியாச்சு."

"மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கட்டிட்டேன்னு சொல்றேன். என் வாய்ச்சொல்லு பத்தாதா உனக்கு?"

போட்டோ வரவில்லை. அவளும் விடவில்லை. அப்புறம் அவன் எதைச் சொன்னாலும் அவளுக்கு அரை நம்பிக்கைதான். பால் வாங்கியாச்சு என்றால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். பிரசவத்துக்கு ராமநாதபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவன் மறித்துக்கொண்டு நின்றான்.

"நான் போட்ட சீலிங்குக்குக் கீழதான் என் பிள்ள பொறக்கணும்."

என்ன திமிர் என்று அன்றைக்கு நினைத்தாள். இப்போது வெறும் பயமாக இருந்தது. கட்டியிருக்காவிட்டால் நாலு பேர் மேலேயும் விழும். அவள், டாக்டர், சிஸ்டர், இன்னும் வெளியே வராத பிள்ளை.

ஆட்டம் கூடியது.

பக்கத்து அறையில் எதுவோ விழுந்து நொறுங்கியது. விளக்கு அணைந்து எரிந்தது. டாக்டர் கையை எடுக்காமலே குனிந்து, தன் உடம்பால் அவளை மூடினார்.

அப்போது மேலே ஒரு சத்தம்.

டங்.

அவள் மூச்சை நிறுத்தினாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கயிறு கட்டி முடித்ததும் விரலால் சுண்டிப் பார்ப்பது அவள் வழக்கம். தொய்வாக இருந்தால் ஊமையாக இருக்கும். சரியாகக் கட்டிய கயிறுதான் இப்படிப் பேசும்.

டங். இந்தப் பக்கம்.

டங். அந்தப் பக்கம்.

கயிறு இருக்கிறது. நாலு பக்கமும் இருக்கிறது.

பிடி, என்றாள் மனசுக்குள். விட்டுடாதே, பிடி. மேலே அத்தனை பாரமும் இடமும் வலமும் திமிறியது. அத்தனை கயிறும் விறைத்து விறைத்து அதை நிறுத்தின. டாக்டரின் முதுகில் கொஞ்சம் வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

அவ்வளவுதான்.

ஆட்டம் நின்றது. ஒரு திருகாணிகூட விழவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காதீங்கம்மா, வயிறு திறந்திருக்கு என்று டாக்டர் அதட்டினார். அவளால் முடியவில்லை. துணி காயப்போட வந்தவள் ஜெயித்துவிட்டாள். எத்தனை சிரிப்பு, எத்தனை கேலி. எல்லோரும் இப்போது வந்து பார்க்கட்டும்.

அதற்குள் குழந்தை அழுதது. அறையே நிறைகிற மாதிரி ஓங்கி அழுதது.

"பொண்ணு," என்றார் டாக்டர்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு ஜெசிந்தா சிஸ்டர் திரும்பி வந்தாள்.

"ஆடினதும் எல்லாரும் படியிறங்கி ஓடிட்டாங்கக்கா. உங்க வீட்டுக்காரர் மட்டும் கதவுகிட்டயே நிக்கிறாரு. செக்யூரிட்டி கையப் பிடிச்சு இழுத்தும் வரலயாம். உள்ள ஒண்ணும் ஆகாது, மேல நான் கட்டியிருக்கேன்னாராம்."

அவள் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை.

"சிஸ்டர்."

"சொல்லுங்கக்கா."

"பொண்ணுன்னு சொல்லிடுங்க."

"இதோ போறேன்."

"அந்தப் போட்டோ வேண்டாம்னும் சொல்லிடுங்க."