மூன்றாவது அறை

மாடியில் இருப்பது இரண்டே அறை. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று மூன்றாவதாக ஒன்று கட்டச் செங்கல்கூட இறக்கியிருந்தார்கள். பிறந்த மகள் ஆஸ்பத்திரியை விட்டு வரவேயில்லை. வருஷங்கள் போயும் பெற்றவளுக்கு மனசு ஆறவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்றார் கணவர். அவளும் சரியென்றாள்.

தரகர் கூட்டிவந்தவர்கள் நான் நீ என்று போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். மாடியைப் பார்த்துவிட்டு இறங்கிய முதல் ஆள், "மூணாவது ரூம்லதான் நல்ல வெளிச்சம்," என்றார்.

"ரெண்டுதாங்க," என்று சிரித்தாள் அவள்.

அடுத்து வந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "அந்த ரூம்ல குழந்தை தூங்குது, அதான் உள்ள போகல," என்றார். அவள் மாடிக்கு ஓடினாள். இரண்டு கதவு, அப்புறம் வெறும் சுவர்.

அதன்பின் யார் என்ன விலை சொன்னாலும் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

"விக்கிற எண்ணம் இருக்காம்மா, இல்லையா?" என்று சலித்துக்கொண்டார் தரகர்.

"இருக்கு. நாளைக்கும் யாரையாவது கூட்டிட்டு வாங்க."

இறங்கி வருகிறவர்களிடம், "முழிச்சிருந்தாளா?" என்று மட்டும் கேட்பாள்.

இன்று வந்த இளம்பெண்ணுக்குப் படியிறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாப் பேசறா உங்க பொண்ணு. பேரென்னன்னு கேட்டேன். அம்மா இன்னும் வைக்கலைங்கறா."