பதிவேட்டு அறைக்குள் புகை

றாஹிலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பதிவேட்டு அறைக் கதவைத் தள்ளினாள். பியோன் இளையதம்பியின் விரலிடுக்கில் சிகரட் புகைந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் அவர்களின் மேலதிகாரி, பிரதம இலிகிதர் ஷரிபுதீன் ஹாஜியார் நின்றார்.

"பாத்தியா புள்ள? கையும் களவுமாப் புடிச்சிட்டன்!"

றமழான் மாதம். நோன்பு பிடித்த வெறும் வயிறு, யன்னலில்லாத அறை. பழைய கடதாசி நாற்றத்தோடு அந்தப் புகையும் தொண்டைக்குள் இறங்கியது.

"சீ! என்ன மனிசன் நீங்க?" என்றாள்.

சத்தம் கேட்டுக் கந்தோரில் வேலை செய்யும் அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். யார் புகைத்தது என்ற கேள்வியே எவருக்கும் எழவில்லை. அந்தக் கந்தோரில் நோன்பில்லாத ஆள் அவன் ஒருவன்தான்.

ஹாஜியார் அவனை வெளியே இழுத்து வந்து, சுவரில் ஒட்டியிருந்த சுற்றுநிருபத்தின் முன் நிறுத்தினார். றோணியோ இயந்திரத்தில் அடித்த அந்தத் தாளை மூன்று நாளுக்கு முன் அவரேதான் ஒட்டியிருந்தார். சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையையும் தடவினார்.

"என்ட கண்ணாடிய எங்க வெச்சன்? நீயே வாசி புள்ள."

"அரச காரியாலயங்களினுள் புகைத்தல் முற்றாகத் தடை. மீறுவோர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும்."

"கேட்டியா? நோன்பாளிகள்ட மூஞ்சில புகைய ஊதுறியே, வெக்கமில்லயா ஒனக்கு?" என்றார் ஹாஜியார். யாரோ பின்னாலிருந்து காறித் துப்பினார்கள்.

இளையதம்பி பதினொரு வருடமாகத் தற்காலிகப் பியோன். அவனை நிரந்தரமாக்கும் கடிதம் ஹாஜியாரின் சிபாரிசுக்காக மேசையில் கிடந்தது. அவன் அவருடைய முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"மன்னிச்சிடுங்க சேர். இனி நடக்காது."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது ஹாஜியாருக்கு நீதி பொங்கியது.

"எழுது புள்ள. இந்த ஆள நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்ய ஏலாது. நாளையிலயிருந்து வேலைக்கும் வரத் தேவையில்ல."

றாஹிலா எழுதிக் கொடுத்தாள். ஹாஜியார் பேனையை எடுத்துத் தாளைத் தூரத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"எந்த இடத்தில ஒப்பம் வைக்கிற? கண்ணாடியில்லாம ஒண்ணும் தெரியுதில்லயே."

இளையதம்பி விறுவிறுவென்று பதிவேட்டு அறைக்குள் போனான். ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு திரும்பி வந்து, அதை ஹாஜியாரின் மேசையில் வைத்தான். சிரட்டை நிறையச் சாம்பலும் சிகரட் அடிக்கட்டைகளும். அவற்றின் மேல், சாம்பல் படிந்து, ஹாஜியாரின் கறுப்புப் பிறேம் கண்ணாடி.

"சிகரட்ட என்ட கையில திணிக்கக்குள்ள இத உட்டுட்டு வந்திட்டீங்க, சேர்."