பன்னிரண்டாவது வார்டின் குரல்

பன்னிரண்டாவது வார்டு கவுன்சிலர் இசக்கியம்மாள் நகராட்சிக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனது, கணவர் சுடலைமுத்துவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான். தேர்தலில் ஜெயித்தது அவள். கூட்டங்களில் பேசி வந்ததோ, அவள் குரலில் பேசும்படி சுடலைமுத்து பழக்கி வைத்த கருவி.

பெண் உறுப்பினர்களின் நாற்காலிகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு கருவி இருந்தது. ஒரு பெண்ணைக்கூடக் காணோம்.

"பன்னிரண்டாவது வார்டு ஊருணியை மூடிக் கடைகள் கட்டும் தீர்மானம்," என்று தலைவர் வாசித்தார். "உறுப்பினர் இசக்கியம்மாள்?"

"சம்மதம்," என்றது கருவி.

"சம்மதம் இல்லய்யா!" வாசலில் நின்ற இசக்கியம்மாள் கத்தினாள். "நாந்தான் இசக்கியம்மா. அந்தத் தண்ணிய நம்பித்தான் எங்க தெருவே கெடக்கு."

தலைவர் குழப்பத்தோடு கருவியைப் பார்த்தார். அதன் சின்ன விளக்கு மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"ஏட்டி, அடுப்புல உலைய வச்சிட்டு இங்க வந்து என்னத்துக்கு நிக்க?" என்றது, அவள் குரலிலேயே.

முப்பது வருஷமாகச் சுடலைமுத்து மட்டுமே அவளிடம் கேட்டு வந்த கேள்வி அது. பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கால்கள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தன.