உங்கள் சகோதரி ஹனூஃப்

"கண்ணாடியில உங்க முகம் தெரியுது முதலாளி. இந்தப் படத்தை முதல்ல தூக்கிடலாம்" என்றான் நாதிர்.

பெண்கள் அணியும் கறுப்பு அபாயா அங்கி ஒன்று தொங்கும் படம் அது. பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் நகத்தளவுக்கு ஒரு முகம். குவைத்தில் அபாயா விற்கும் சகோதரிகள் பெரும்பாலும் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் முகம் காட்டமாட்டார்கள். கை காட்டுவார்கள், காப்பிக் குவளை காட்டுவார்கள், மிஞ்சிப்போனால் செருப்பு நுனி. முதலாளி மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். படம் போயிற்று.

'ஹனூஃப் அபாயா' கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குச் சிங்காரம் செய்யும் வேலை மூன்று நாளாக நடக்கிறது. நாதிர் கெய்ரோக்காரன். எட்டுக் கடைகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறான். புதிதாக வருபவர் கண்ணில் எது முதலில் பட வேண்டும், எது படவே கூடாது என்பதில் புலி.

"புதுசா வர்றவங்க மூணு விநாடிதான் நிப்பாங்க முதலாளி. மேல இருக்கிற ஒன்பது படம் அவங்களைப் பிடிச்சு நிறுத்தணும். இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க."

இன்றைக்கு வரப்போகிற புது ஆள் லேசுப்பட்டவர் அல்ல. உம் தலால். பெருநாள் கண்காட்சியை நடத்துகிற சீமாட்டி. இருபதே கடைகளுக்குத்தான் இடம் கொடுப்பார். துணியைத் தொட்டுப் பார்ப்பதெல்லாம் கிடையாது. மாலையில் அஸர் தொழுகை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டே பக்கத்தைப் பார்ப்பார், பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இங்கே முந்நூறு அபாயாக்கள் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. கண்காட்சியில் இடம் கிடைக்காவிட்டால் பெருநாளோடு கடையை இழுத்து மூட வேண்டியதுதான். முதலாளிக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நாதிர் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. தள்ளுபடி விளம்பரங்கள், குழல் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்கள், 'பொத்தான் ரெண்டே நாளில் விழுந்துவிட்டது' என்ற புகார்கள் எல்லாவற்றையும் துடைத்து எறிந்தான். தையல்காரர் ஷஃபீக்கின் பருப்புச் சட்டி எட்டிப் பார்த்த படமும் தப்பவில்லை. அவற்றுக்குப் பதிலாக ஜன்னலோர வெயில், ஒரு ரோஜா இதழ், ஏலக்காய் காப்பி, மருதாணி வைத்த ஒரு கை. அந்தக் கையை மட்டும் நாற்பது தடவை எடுத்தார்களாம்.

'தரமான அபாயா, மொத்தம் மற்றும் சில்லறை' என்று பக்கத்தின் உச்சியில் இருந்த வரியை அழித்துவிட்டு அவன் புதிதாக எழுதினான்: 'ஒரு பெண்ணின் கனவு, ஒவ்வொரு பெண்ணுக்கும். அன்புடன் உங்கள் சகோதரி ஹனூஃப்.'

முதலாளி அதை மூன்று முறை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"படிக்கப் படிக்க நெஞ்சு நிறையுதுப்பா" என்றார்.

"முந்நூறையும் தைச்சது நான். கனவு கண்டது யாரோ" என்று உள்ளறையிலிருந்து ஷஃபீக் முணுமுணுத்தார்.

"உங்க பருப்புச் சட்டியைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிட்டாங்க ஷஃபீக் பாய். நீங்க பேசாதீங்க" என்றார் முதலாளி.

பதில் எழுதுவதில் முதலாளிக்கு இணையில்லை என்பதை நாதிரே ஒப்புக்கொண்டான். பிள்ளை பெற்று உடம்பு பெருத்துவிட்டது, எந்தத் தையல் எனக்குப் பொருந்தும் என்று ஜஹ்ரா ஊரிலிருந்து ஒருத்தி வருத்தப்பட்டுக் கேட்டிருந்தாள். 'கண்ணே, எனக்கும் மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு இப்படித்தான் இருந்தது, கவலைப்படாதே' என்று முதலாளி உடனே ஆறுதல் எழுதினார். அவள் இரண்டு அபாயா வாங்கிக்கொண்டாள். நாதிர் அந்த உரையாடலையே அழகாகப் படம் பிடித்து, பக்கத்தின் உச்சியில் குத்தி வைத்தான்.

தொழுகை முடிந்து அரை மணி நேரம் ஆயிற்று. கைப்பேசி மேசை நடுவில் கிடந்தது. பிறகு அது ஒருமுறை சிணுங்கியது.

உம் தலால்தான். எத்தனையோ பக்கங்கள் பார்த்தாயிற்று, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியிலும் ஒரு தாயின் மனசு தெரிகிறதாம். குறிப்பாக அந்தப் பிரசவப் பதிலைப் படித்து அழுதேவிட்டாராம். வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் முதல் கடை ஹனூஃபுக்குத்தான்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து இறைவனுக்கு நன்றி சொன்னார். மூன்று பேருக்கும் மச்பூஸ் சோறு வரவழைக்கச் சொன்னார், கறி தாராளமாக வைத்து. ஷஃபீக்கின் பருப்புச் சட்டிக்கு இன்று விடுமுறை என்று அறிவித்தார்.

சாப்பாட்டுக்குச் சொல்வதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. நாதிர் அதை வாய்விட்டுப் படித்தான், படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது. இந்த ஆண்டு கண்காட்சி பெண்களுக்கு மட்டும். பெட்டி தூக்கக்கூட ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு கடையிலும் உரிமையாளரே நிற்க வேண்டும், வேலையாள் கூடாது. 'ஆனால் அதுவரை எனக்குப் பொறுமை இல்லை சகோதரி. உன் முகத்தை இப்போதே பார்க்க வேண்டும். காணொளியில் கூப்பிடுகிறேன்.'

கைப்பேசி அலறத் தொடங்கியது. நாதிர் ஷஃபீக்கைப் பார்த்தான். ஷஃபீக் முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி அப்துல் முஹ்ஸின் தன் கெட்டி மீசையைத் தடவிக்கொண்டே பதறினார்: "நம்ம மூணு பேர்ல யாருப்பா ஹனூஃப்? சீக்கிரம் சொல்லித் தொலை."