இரவல் பாவம்

என் மகனிடம் ஒரு பாவம்கூட இல்லை. அதனால்தான் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம் இன்று. மே மாதம் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். இது முடியாமல் அது கிடையாது.

பள்ளிக்கூடத்திலிருந்து கோயிலுக்கு ஒரு சாலையைத்தான் கடக்க வேண்டும். அதற்குள் அயர்லாந்தில் எங்கள் மேயோ மாவட்டத்து மழை தன் வேலையைக் காட்டிவிட்டது. நனைந்த காலுறைகளோடு வகுப்பு முழுவதும் முன்வரிசையில் நெளிந்துகொண்டிருந்தது. பின்னால் பெற்றவர்கள் நாங்கள். என் மகன் ஓரனுக்கு நேர் பின்னால் நான்.

பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஃபாதர் மலக்கி, மற்றதில் முறை வந்த பிள்ளை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. ஆனால் ஃபாதர் அடிக்கடி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்தது.

முடித்து வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு ராஜா மாதிரி நடந்து வந்தார்கள். என் பிள்ளை மட்டும் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லா யோசிடா" என்று அவன் காதில் சொன்னேன். "போன வாரம் பல்லு தேய்க்காமப் படுத்தியே, அதைச் சொல்லேன்."

"அப்புறம் எந்திரிச்சுப் போய்த் தேய்ச்சிட்டேன்மா."

"சரி, ஏதாவது பொய்?"

"சொன்னதில்லையேம்மா."

அதுவும் நிஜம்தான். என் கணவன் டெக்லனுக்கும் எனக்கும் இப்படியொரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று எங்கள் இரண்டு வீட்டுக்காரர்களுக்குமே ஆச்சரியம். டெக்லனின் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

பாவமே இல்லாமல் போய் உட்கார்ந்தால் ஃபாதர் திருப்பி அனுப்பிவிடுவார், புதுநன்மை போய்விடும், எல்லோரும் வெள்ளைப் பூ குத்திக்கொண்டு நிற்கும்போது தான் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். இதுதான் அவன் கணக்கு. நான் சொன்ன எந்தச் சமாதானமும் அவன் காதில் ஏறவில்லை.

பக்கத்தில் இருந்த கிரான்யாவுக்குப் பொறுக்கவில்லை. கசாப்புக்கடைக்காரர் மகள். கூடப் பிறந்த பையன்கள் நான்கு பேர். பாவத்துக்குப் பஞ்சமே இல்லாத வீடு.

"ஏன்டா அழுவுற? எங்கிட்ட எக்கச்சக்கமா கெடக்கு, ஒண்ணு எடுத்துக்கோ. 'தம்பியைப் புடிச்சுத் தள்ளிட்டேன்'னு சொல்லு. நல்ல பாவம்."

"எனக்குத்தான் தம்பியே கெடையாதே."

"அதெல்லாமாடா கேப்பாரு? போடா லூசு!"

அதற்குள் ஹெனகன் டீச்சர் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். தடுத்திருக்க வேண்டும். நான் பெஞ்சைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவன் உதடுகள் அசைந்தன. ஃபாதரின் புருவம் நெற்றியில் பாதி தூரம் ஏறியது. மனிதர் என் பக்கம் பார்க்கவே இல்லை. கேட்டதைக் காட்டிக்கொள்ளவும் கூடாதே, பாவம். கையைத் தூக்கி ஆசீர்வதித்து அனுப்பிவைத்தார்.

ஓரன் திரும்பி வந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகமெல்லாம் பல். ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னால் போதுமாம். முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

பாதி ஜெபத்தில் நிறுத்திவிட்டான்.

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"அம்மா, நான் ஃபாதர்கிட்டயே பொய் சொல்லிட்டேன்."

கிரான்யா துள்ளி எழுந்தாள். "அப்ப இப்போ உனக்கே சொந்தமா ஒண்ணு வந்துருச்சுடா!"

பின்வரிசையே சிரித்துவிட்டது. ஹெனகன் டீச்சர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, தானும் தோள் குலுங்க நின்றார். என் பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கெட்டது போ, மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலேயே செய்த பாவம்! விம்மிக்கொண்டே வரிசையின் கடைசியில் போய் நிற்கக் கிளம்பினான்.

சட்டையைப் பிடித்து என் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன்.

நானும் டெக்லனும் ஊரில் ஒருவரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. முன்பு இரண்டு தடவை சந்தோஷம் தாங்காமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பிறகு போகிற இடமெல்லாம் 'இல்லை, நிற்கவில்லை' என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த வலி போதும். நேற்று மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் திருப்பிக் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது, பையன் என்று சொன்னபோது டெக்லன் அழுதான். ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிவைத்து ஓரனிடம் சொல்வதாக ஏற்பாடு.

கேக்காவது மண்ணாங்கட்டியாவது.

கோட்டைத் திறந்து அவன் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தேன்.

"நீ சொன்னது பொய்யில்லடா தங்கம். ஜூலை மாசம் உன் தம்பி வர்றான்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாய் திறந்தது, மூடவே இல்லை. கிரான்யா பெஞ்சின் மேலாக எட்டிப் பார்த்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஓரன் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான் சும்மா தள்ளுற ஆளில்லம்மா. அவன்தான் மொதல்ல ஆரம்பிச்சிருப்பான்."