விற்கிறவர் ஏன் விற்கிறார்?

"வீடு பார்க்கும்போது மனசை வாசல்லயே விட்டுட்டு வரணும். அழகா இருக்கு, காத்து வருதுன்னு மயங்கிடக் கூடாது. முதல் பாடமே அதுதான்" என்றார் மெக்கானிக்.

"நான் மயங்கலைங்க. நீங்க ஆரம்பிங்க" என்றாள் மனைவி.

வீடு, மனையில் முதலீடு செய்வது பற்றிப் புதியவர்களுக்கு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர் சேர்ந்து நாலு வாரம்தான் ஆகிறது. அதற்குள் பேச்சே மாறிவிட்டது. கையில் நோட்டு, காதில் பேனா. பஸ் பணிமனையில் எஞ்சினைச் சோதிக்கிற அதே முகத்தோடு நின்றார்.

ஐந்து மணிக்குத் தரகர் வருகிறார். முன்பணம் கைமாறிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. பதினேழு வருட உழைப்பு! மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'வகுப்புல சொல்லிக் குடுத்த மாதிரி ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க, அப்புறம் உங்க இஷ்டம்' என்று கெஞ்சித்தான் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அவர் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "விரிசல் இல்ல. மழைக்கு ஒழுகுமா?"

"இதுவரைக்கும் ஒரு சொட்டு இல்லையாம்."

"தண்ணி?"

"எந்நேரமும் வருமாம்."

"பஸ் ஸ்டாப்?"

"மெதுவா நடந்தாலும் மூணு நிமிஷம்."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "ஒரு வாஷர் மாத்த வேண்டிய வேலை. இதைக்கூடச் செய்யாம விட்டிருக்கார் வீட்டுக்காரர்."

"அவர் பொண்டாட்டி சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்களாம்" என்றாள்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினார்.

"கடைசிக் கேள்வி. இதுதான் ரொம்ப முக்கியம்னார் வாத்தியார். விக்கிறவர் ஏன் விக்கிறார்?"

"ஊருக்கு வெளியில ரெண்டு மனை வாங்கப் போறாராம். மூணே வருஷத்துல விலை ரெட்டிப்பாகும்னு யாரோ சொன்னாங்களாம்."

"மனைக்குப் பாதை இருக்கா?"

"இனிமேதான் போடுவாங்களாம்."

"பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டினாரா?"

"அவரே இன்னும் படிக்கலையாம்."

"அந்த இடத்தையாவது நேர்ல போய்ப் பார்த்தாரா?"

"படத்துல பார்த்தாராம். பச்சைப் பசேல்னு இருந்துதாம்."

"வீட்டை வித்துட்டு எங்க குடியிருப்பாராம்?"

"வாடகை வீட்டுல. ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு."

"அட கிறுக்கு மனுஷா! மண்டையில மசாலா இருக்கிறவன் செய்யிற காரியமா இது?"

சொல்லி முடித்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். நோட்டில் எழுதியதை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார்.

"மனசை வாசல்லயே விட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள் மனைவி கடைசியில். "இந்த வீட்டை வாங்கலாமா, வேண்டாமா?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். இதைவிட நல்ல வீடு எங்க தேடினாலும் கிடைக்காது."

"அப்பாடா!" அவள் கண் கலங்கிவிட்டது. "உயிரே வந்துதுங்க. இந்த மூணு நாளா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவருக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

வாசலில் மணி அடித்தது. தரகர் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். "சார், பார்ட்டி கார்ல உட்கார்ந்திருக்காங்க. கூப்பிடட்டுமா?"

"மன்னிச்சுக்கங்க. அவங்களைக் கிளம்பச் சொல்லிடுங்க" என்றார் மெக்கானிக். "இந்த வீட்டை நாங்களே வாங்கிக்கிறதா முடிவு பண்ணிட்டோம்."

தரகர் திருதிருவென்று விழித்தார்.

"என்ன சார் விளையாடுறீங்க? வீடே உங்களுதுதானே! வித்துக் குடுங்கன்னு என்னைத் தேடி வந்ததே நீங்கதானே!"