பெரியவர் முடித்த விலை

முப்பது கிலோமீட்டர் உயரத்தில் இருந்து எடுத்த பூமியின் படத்துக்கு வெள்ளத்தாய் சொன்ன விலை, ஐந்து விரல்.

வாயால் சொல்லவில்லை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்தப் பேச்சு. துண்டுக்குப் பதில் முந்தானை. அதற்குள் சிக்கியிருந்தது ஆஷிகாவின் கை.

"ஐந்நூறாக்கா?" என்றாள் ஆஷிகா.

"ஸ்ஸ்... வெரலு பேசுறப்ப வாய் பேசக் கூடாதுட்டி. எங்கய்யா தரகுத் தொழில்ல அப்பிடித்தான்."

கூமாப்பட்டி மலையடிவாரத்தில், வாழைத்தோப்புக்கு நடுவே மோட்டார் ரூம். காலை ஆறு மணி. இரும்புக் கதவை உள்பக்கம் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள் வெள்ளத்தாய். மோட்டார் மேல் கம்பளி சுற்றிய தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது.

ஆஷிகாவும் விக்னேஸ்வரனும் படிக்கும் பல்கலைக்கழகத்தின் விண்வெளி மன்றம் பலூனில் கட்டி அனுப்பிய பெட்டி அது. நேற்று மதியம் ராஜபாளையத்தில் மேலே ஏறி, சாயங்காலம் இந்தத் தோப்பில் வந்து விழுந்தது. அதில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு, "ஒங்க பொட்டி கீச்சு கீச்சுன்னு கத்துது. இருட்டுல வராதீக, விடிஞ்சு வாங்க" என்று சொன்னவளும் இதே வெள்ளத்தாய்தான். அப்போது காசைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டு ஒன்பது மணிக்குள் பல்கலைக்கழகம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால், மன்றம் செய்யும் குட்டிச் செயற்கைக்கோளுக்கு ராக்கெட்டில் இடம். சேராவிட்டால் மூன்று வருட உழைப்பு காயலான் கடைக்கு.

விடிந்ததும் பைக்கில் வந்தார்கள். வரப்பில் நிறுத்திவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள், வெள்ளத்தாய் ஓடி வந்து இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைப் பூட்டிவிட்டாள்.

விக்னேஸ்வரன் கம்பளியை விலக்கிப் பார்த்தான். விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க ஓயாமல் கத்த வேண்டிய பஸர் ஊமையாகக் கிடந்தது.

"பேட்டரியக் கழட்டியாச்சு," என்று ஆஷிகாவின் காதைக் கடித்தான். "நல்லாத் திட்டம் போட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க."

ஆஷிகா மூன்று விரலைப் பிடித்தாள். வெள்ளத்தாய் உதறினாள். பிறகு அவளே நாலைப் பிடித்தாள். ஆஷிகாவும் நாலுக்குத் தலையாட்டினாள். உடனே வெள்ளத்தாய் ஐந்தோடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்து ஆறுக்குப் போய்விட்டாள். விற்க உட்கார்ந்தவர் யாரும் படிந்த விலையைக் கலைக்க மாட்டார்கள். விண்வெளி படிக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

வெளியே எதுவோ சரசரவென்று கிழிந்தது. பிறகு தகரம் நசுங்குகிற சத்தம்.

"பைக்க ஒடைக்காங்க. ஆளு வேற வச்சிருக்கீங்களா?" விக்னேஸ்வரன் கதவைத் தட்டக் கையை ஓங்கினான். வெள்ளத்தாய் அந்தக் கையைப் பிடித்து, இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தி உட்காரவைத்தாள்.

"வெளிய பெரியவரு நிக்காரு," என்றாள், உதட்டோடு. "அவரு போற வரைக்கும் கதவு தொறக்காது. சத்தம் காட்டுன, பொட்டி அம்புட்டுத்தான்."

"நாங்க வேணா பெரியவருகிட்டயே பேசுறோம்க்கா," ஆஷிகா கெஞ்சினாள். "எங்ககிட்ட இருக்குற ஆயிரத்து எண்ணூறையும் தந்திர்றோம்."

"அவரு காசுக்கு மசியிற ஆளு இல்ல தாயி. நீ வெரலப் பிடி."

ஆறு. நாலு. ஏழு. மூன்று. கிரீஸ் நாற்றத்தில் மூச்சு முட்டியது. முந்தானைக்குள் விரல்கள் வேர்த்து வழுக்கின. மணி ஏழாகப் போகும்போது ஆஷிகா அழ ஆரம்பித்தாள், அதையும் சத்தமில்லாமல்.

வெள்ளத்தாயின் மடியில் போன் அதிர்ந்தது. எடுத்து, "மலை ஏறியாச்சா?" என்று மட்டும் கேட்டாள். முந்தானையை உருவிக்கொண்டாள். கதவைத் திறந்தாள். பெட்டியைத் தூக்கி ஆஷிகாவின் கையில் கொடுத்து, சேலை முடிச்சை அவிழ்த்து பேட்டரியையும் அதன் மேல் வைத்தாள்.

"ஏழு இருவதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு. ஓடுனாப் பிடிச்சிரலாம்." அவள் குரல் இவ்வளவு பெரியது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

ஆஷிகா ரூபாயை நீட்டினாள்.

"அத உள்ள வையி. ஒம் பொட்டிய ஒனக்கே விக்கவா நான் ஒக்காந்திருந்தேன்?"

"பொறவு எதுக்குக்கா அம்புட்டு நேரம் வெல பேசுனீங்க?"

"வாயச் சும்மா வச்சிருக்குற வயசா ஒங்களுக்கு? பேரச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் அலறியிருப்பீக."

வரப்பில் விக்னேஸ்வரன் தலையில் கைவைத்து நின்றான். பைக் அப்பளமாகக் கிடந்தது.

"இதுக்கு ஒங்க பெரியவருதாங்க்கா பதில் சொல்லணும்."

வெள்ளத்தாய் சாய்ந்து கிடந்த தோப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். வரிசை வரிசையாக எண்ணி விரலை மடக்கினாள்.

"வாழ நாப்பத்தொண்ணு, பைக்கு ஒண்ணு. மூணு உசுருக்கு, ஆனை மலிவாத்தான் வெல முடிச்சிட்டுப் போயிருக்கு."